ஓரம் மூடாத விரிப்பு

சிவகாசியில் அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் உறை வேண்டும். ரேடியோவுக்கு உறை, ரேடியோ வைத்த மேசைக்கு விரிப்பு, இரும்புப் பெட்டிக்குத் திரை, டிரங்குப் பெட்டிக்கு மூடுதுணி. புதிதாக எதை வாங்கினாலும் உடனே அதைக் கண்ணில் படாமல் மூடி வைத்தால்தான் எங்கள் ஜனங்களுக்கு நிம்மதி. ஒரு வீட்டுக்கு ரேடியோ உறையில் ரோஜாப்பூ போட்டுக் கொடுத்தேன். பாட்டுக் கேட்கும்போதுகூட அவர்கள் அந்த உறையைத் தூக்க மாட்டார்கள். பாடுகிறவருக்கு ஜலதோஷம் பிடித்தது போலவே எல்லாப் பாட்டும் கேட்கும். "பூ நல்லாருக்கு, எடுக்க மனசு வரல" என்பார்கள். நான் என்னத்தைச் சொல்ல.

நான் விருதுநகரில் பிறந்து, கல்யாணமாகி சிவகாசிக்கு வந்தவள். என்னோடு காலால் மிதிக்கிற ஒரு தையல் மிஷினும் வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றி அனுப்பும் வேலையில் இருந்தார். சீசன் வந்துவிட்டால் அவரை வீட்டில் பார்க்க முடியாது, என்னை மிஷினை விட்டு எழுப்ப முடியாது. தீபாவளிக்கு முந்திய மூன்று மாதமும் ரவிக்கையும் கவுனும் குவியும். துணியை எடுத்துவந்து போடும்போதே "எப்ப கிடைக்கும்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அளவு ரவிக்கை கொடுங்கள் என்றால், "உங்களுக்குத் தெரியாததா, கண்ணாலேயே பாத்து வெட்டுங்க" என்று ஒரு புகழ்ச்சி வேறு. இடுப்பில் இறுக்கினால் அதே வாய் என்னைத் திட்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம் அவள் வந்தாள். இரண்டு தெரு தள்ளி, காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருந்த குடும்பத்தின் மருமகள். சாத்தூர்க்காரி. வயிறு அப்போதுதான் லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. முந்தானைக்குள் ஒரு தாளைச் சுருட்டி ஒளித்து வைத்திருந்தாள். வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அதை என் மிஷின் பலகையில் விரித்தாள்.

காலண்டர் படம். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை குப்புறப் படுத்துத் தூங்குகிறது. அடியில் பல நிறத்தில் கட்டம் கட்டமாக ஒரு விரிப்பு. வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து அவர்கள் பிரஸ் ஓவியர் திரும்ப வரைந்தது. பிள்ளை நன்றாகத்தான் இருந்தது. மூக்கு மட்டும், அவர் வருஷா வருஷம் வரைகிற கிருஷ்ணருடைய மூக்கு.

"அக்கா, இந்த விரிப்பு மாதிரி எனக்கு ஒண்ணு தச்சுத் தரணும்."

உற்றுப் பார்த்தேன். "இது ஒட்டுப்போட்ட துணியில்லம்மா?"

"ஒட்டு இல்லக்கா, மாடல். வெளிநாட்டுல புள்ளைகளுக்கு இப்படித்தான் தைப்பாகளாம். புதுத்துணிய கட்டங்கட்டமா வெட்டி, திரும்பச் சேத்துத் தைக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் ஒட்டுப்போட்ட துணி என்றால் அது இல்லாதப்பட்டவர்கள் வீட்டுச் சமாசாரம். கிழிந்துபோனதால் ஒட்டுப் போடுவோம். நல்ல துணியை வாங்கி, அதை வேலைமெனக்கெட்டுக் கிழித்து, அப்புறம் ஒட்டுப் போடுவதா? அதுவும் சீசன் நேரத்தில்? ஒரு கட்டம் கோணினால் அடுத்த கட்டம் கோணும், நாலாவது வரிசைக்கு வருவதற்குள் மொத்தமும் சாத்தூருக்குப் போய்விடும். முடியாது என்று சொல்லிவிட்டேன். அதோடு பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று எதையும் தைக்கக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். பிறந்த பிறகும் முதலில் பழந்துணிதான். கசங்கி மெத்தென்று ஆன பழைய சேலையில்தான் கிடத்துவோம்.

"போன தடவை எங்கம்மா வீட்டுல எல்லாம் தச்சு வச்சிருந்தாகக்கா" என்றாள். "சட்டை, தொப்பி, மெத்தை எல்லாம். அது பேர் வைக்கிறதுக்கு முன்னாலேயே போயிருச்சு. நான் கண்ண முழிச்சுப் பாக்கையில வீட்டுல ஒண்ணும் இல்ல. அம்புட்டையும் யாருக்கோ குடுத்துட்டாக."

நான் மிஷின் சக்கரத்திலிருந்து கையை எடுத்தேன்.

"அதனாலதான் போச்சுன்னு அத்தை சொல்றாக. இந்தத் தடவை ஒரு நூலு கூட வாங்கக் கூடாதாம். வீட்டுல யாரும் இதப் பத்திப் பேசறதே இல்ல. வரப்போற புள்ளைய வேண்டாம்னு நெனைக்கிற மாதிரி இருக்குக்கா. நீ வருவேன்னு நாங்க காத்துக்கிட்டுத்தான் இருந்தோம்னு அதுக்குத் தெரிய வேண்டாமா?"

எனக்கு இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் கோபம் வரும். முடியாது என்று சொல்ல விடாமல் வாயை அடைத்துவிடுகிறார்களே என்ற கோபம். "சரி, துணி அனுப்பு. துண்டுத் துணிதான வேணும், முழுசா எடுக்காத" என்றேன். "அத்தைக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாதுக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் தள்ளுவண்டியில் ஒரு சாக்கு வந்து இறங்கியது. பிரித்தால் அத்தனையும் மிஷின் துடைக்கிற வேஸ்ட் துணி. மதுரைப் பக்கம் தையல் கடைகளில் மிச்சம் விழுந்ததை மூட்டை மூட்டையாக வாங்கி, பிரஸ்களில் மை துடைக்க வைத்திருப்பார்கள். இவள் புருஷனிடம் "துண்டுத் துணி வேணும்" என்று சொல்லியிருக்கிறாள். அவருக்குத் தெரிந்த துண்டுத் துணி அது. எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா மனுஷன்? பாதித் துணியில் ஏற்கனவே கறுப்பும் சிவப்புமாக மசி. என் வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை. "இது புள்ளைக்கு ஆகாது" என்று வண்டிக்காரரிடமே சாக்கைத் திருப்பி அனுப்பினேன்.

அதுதான் வினையாகப் போனது. வண்டிக்காரர் சாக்கைப் பிரஸ்ஸில் இறக்காமல் நேராக வீட்டில் கொண்டுபோய் இறக்கி, "தையல்கார அம்மா இது புள்ளைக்கு ஆகாதுன்னுட்டாக" என்று மாமியாரிடமே சொல்லிவிட்டார். அன்றைக்கு மத்தியானமே மாமியார் வந்தார். கனத்த உடம்பு, வெயிலில் நடந்து வந்த மூச்சு இரைப்பு. நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"ஏம்மா, நீ படிச்ச பொம்பளைன்னு நெனைச்சேன். அங்கன சாத்தூர்ல தச்சுத் தச்சு அடுக்குனாக. என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"நான் இன்னும் ஊசியே எடுக்கல பெரியம்மா. வேண்டாம்னா சொல்லுங்க, எனக்கு நிம்மதி. சீசன் நேரம்."

இதைச் சொன்னதும் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மிஷின் பலகையில் கிடந்த படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அழுதாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். படத்தை என் பக்கம் தள்ளினார்.

"தச்சுக்கோ. வேண்டாம்னா அவ மனசு விட்டுரும். ஆனா முடிச்சுராத. ஒரு ஓரம் மூடாமக் கிடக்கட்டும். குறையா இருக்கிற சாமான் மேல எந்தக் கண்ணும் படாது. புள்ளை பொறந்து நான் சொல்லியனுப்புனப்புறம் மூடு. நான் வந்தேன்னு அவகிட்டச் சொல்லிராத."

இப்படியாக நான் மாட்டிக்கொண்டேன். மருமகள் வந்தால் மாமியாருக்குத் தெரியக் கூடாது, மாமியார் வந்தால் மருமகளுக்குத் தெரியக் கூடாது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். தங்களுக்குள் பேச வேண்டியதையெல்லாம் என் வீட்டுக்கு வந்து என்னிடம் பேசிவிட்டுப் போனார்கள். நான் தையல்காரியா, தூது போகிறவளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவளே விருதுநகருக்கு ஆள் அனுப்பி நல்ல பாப்ளினும் சீட்டித் துணியுமாக எடுத்து வந்தாள். அட்டையில் ஒரு கட்டம் வெட்டிவைத்துக்கொண்டு அதைத் துணியில் வைத்து, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினேன். நல்ல துணியில் கத்தரி வைக்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சலாக இருக்கும். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, துணி கெட்டுப்போச்சா?" என்று துக்கம் விசாரித்தார்கள்.

படத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வலப்பக்கம் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு இருந்தது. "அந்தக் கோடுதான்க்கா அழகே, அத விட்டுராதீக" என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு நூலளவுக் கோடு. அதைத் துணியில் கொண்டுவர வேண்டுமானால் மஞ்சள் துணியைக் குறுக்காக வெட்டி, நாடாவாக மடித்து, ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் வைத்துத் தைக்க வேண்டும். பாதி வழியில் நாடா முறுக்கும். பிரித்துத் தைத்தேன், மறுபடி முறுக்கியது, மறுபடி பிரித்தேன். ஒரு வரிசை முடிப்பதற்குள் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் சாப்பாடு கேட்டால் எரிந்து விழுந்தேன். "வேண்டாம்னு சொல்லிற வேண்டியதுதான" என்றார். ஏதோ அது எனக்குத் தோன்றாதது போல.

எல்லாக் கட்டத்துக்கும் மஞ்சள் வைத்து முடித்த பிறகு ஒருநாள் அவளுடைய புருஷன் அவளைக் கூட்டிப்போக வந்தார். விரிப்பைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"அது கோடு இல்லக்கா. ஒவ்வொரு கலரா அடிக்கையில மஞ்ச மட்டும் விலகி விழுந்துருச்சு. இது கழிச்சுப் போட்ட தாளு. நல்ல தாளுல கோடே கிடையாது. இவ இத எங்கன இருந்து எடுத்தா?"

நான் அவரைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அவள் கொஞ்சமும் அசையவில்லை. "விலகுனதுதான் நல்லாருக்கு" என்றாள். அச்சுப்பிழைக்கு நாடா வைத்துத் தைத்த தையல்காரி இந்தப் பூமியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் பஞ்சுப் பாடு. மேல் துணிக்கும் அடித் துணிக்கும் நடுவில் வைக்கப் பஞ்சை அடித்து, பரப்பி, கையாலேயே குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டினேன். பெரியம்மா வந்தார். அவர் வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்து, ஓரம் திறந்துதான் கிடக்கிறதா என்று உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போவார். அன்றைக்கும் கையை விட்டார். முகம் சுளித்தார்.

"பஞ்சா? இந்த வெக்கையில பச்சப்புள்ள வெந்து போயிரும். எடு அத." மடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்தார். அவருடைய பழைய சுங்குடிச் சேலை. துவைத்துத் துவைத்து நிறமே போய், விரலில் பட்டால் தெரியாத அளவுக்கு மெத்தென்று இருந்தது. "இத மடிச்சு உள்ள வை. பழசு ஒண்ணு உள்ள இருக்கட்டும்."

"தையல் அம்புட்டையும் பிரிக்கணும் பெரியம்மா!"

"பிரி. நானும் ஒரு ஓரத்தப் பிடிக்கேன்."

பிடித்தார். அவர் பிடித்ததில் வேலை இரட்டிப்பானது. கத்தரி முனை துணியில் பட்டு இரண்டு இடத்தில் கீறல். பஞ்சு பறந்து ரவிக்கைத் துணிகளின் மேலெல்லாம் ஒட்டியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவரோ அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "இந்தப் பச்சை நல்லாருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். சேலை யாருடையது என்று மருமகளிடம் மூச்சு விடக் கூடாது என்று போகும்போது மறுபடி சத்தியம் வாங்கினார்.

புரட்டாசி பிறந்தது. மருமகளுக்கு வயிறு பெரிதாகப் பெரிதாக அவசரமும் பெரிதானது. "முடிஞ்சிருச்சாக்கா?" நூல் தீர்ந்துவிட்டது என்றேன். அடுத்த நாள் ஒரு பெட்டி நூல் வந்து சேர்ந்தது. ஊசி உடைந்துவிட்டது என்றேன். ஊசியும் வந்தது. மிஷின் பெல்ட் அறுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அவள் கண் முன்னாலேயே அதே மிஷினில் அடுத்த வீட்டுக் கவுனைத் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"உங்களுக்கும் பயமாக்கா?" என்று கேட்டாள். "நீங்களும் அத்தை மாதிரியே நெனைக்கீகளா?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. உண்மையைச் சொல்லவும் விடாமல் சத்தியம் வேறு வாங்கி வைத்திருந்தார்கள். "எனக்கு என்ன பயம், எனக்கு வேலைதான் இருக்கு. தலைக்கு மேல தீபாவளி" என்று கத்தினேன். அவள் பயப்படவே இல்லை. "எனக்கும் பயம் இல்லக்கா. இது நல்லா உதைக்குது. கை வச்சுப் பாக்கீகளா?" என்றாள். அந்த மாதங்களில் எங்கள் மூன்று பேரில் தைரியமாக இருந்தவள் அவள் ஒருத்திதான். வேண்டாத தெய்வமில்லை என்று சொல்வார்களே, நான் மிஷின் மிதிக்கும்போதெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

தீபாவளி போனது. ஊரே தூங்கி எழுந்தது. கார்த்திகை கடைசியில் ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது என்று செய்தி வந்தது. அதற்கப்புறம் பல நாள் ஒரு செய்தியும் இல்லை. எனக்கு ரேடியோ உறை தைக்கக்கூடக் கை ஓடவில்லை. தெருவில் யார் வேகமாக நடந்து போனாலும் எழுந்து வாசலுக்குப் போனேன். ஒருநாள் காலையில் வண்டிக்காரர் வந்து, "பெரியம்மா அந்த ஓரத்த மூடிக் கொண்டாரச் சொன்னாக" என்றார். உட்கார்ந்து அந்த ஓரத்தை மூடினேன். மாதக்கணக்கில் என்னைப் படுத்தி எடுத்த ஓரம், மூடக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இஸ்திரி போட்டு, எடுத்துக்கொண்டு போனேன். அவள் கட்டிலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை ஒரு பழைய வேட்டித் துணியில் கிடந்தது. நல்ல கறுத்த முடி. பெரியம்மா அடுக்களையில் ஏதோ இடித்துக்கொண்டிருந்தார். நான் விரிப்பை உதறி அவள் முன்னால் விரித்தேன். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது, அந்த மஞ்சள் கோடு உட்பட.

அவள் ஒரு கட்டத்தைத் தொட்டாள். பிறகு அதை நாலாக மடித்தாள். "அங்கன அலமாரில வச்சிருங்கக்கா" என்றாள்.

"போட்டுப் பாக்க வேண்டாமா?"

"பேர் வைக்கட்டும்."

"பேர் வச்சப்புறம்?"

"முப்பது நாள் கழியட்டுமே."

"முப்பது கழிஞ்சு?"

அவள் பிள்ளையை இன்னும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. "ஆடி மாசத்துல இருந்து என் உசிர எடுத்துட்டு, இப்ப அலமாரில வைக்கவா? நாடா வச்சுத் தச்சேனே! பஞ்ச அடச்சேன், பிரிச்சேன், திரும்பத் தச்சேன். ஊர் துணியெல்லாம் பின்னால போட்டுட்டு இதத் தச்சேன். பயமே இல்லன்னியே தாயி, அந்தத் தைரியம் எங்க போச்சு?"

"வயித்துல இருக்கையில பயமில்லக்கா" என்றாள். கண்ணீர் பிள்ளையின் மேல் சொட்டியது. "இப்ப மொகத்தப் பாத்துட்டேனே."

விரிப்பை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று கையை நீட்டினேன்.

எனக்கு முன்னால் ஒரு கை வந்து அதை எடுத்தது. பெரியம்மா அடுக்களையிலிருந்து வந்திருந்தார். கையில் இடித்த சுக்கின் வாசனை. விரிப்பைத் தரையில் பாயின் மேல் ஒரே உதறலில் விரித்தார். மருமகளின் மடியிலிருந்து பிள்ளையை அலாக்காகத் தூக்கினார்.

"அத்தை, வேண்டாம்! அத்தை!"

"சும்மா இருடி. துணிக்கு என்ன தெரியும்? ஆக்கங்கெட்டவளே, தச்சா சாவும், தைக்கலன்னா பிழைக்கும்னா அது புள்ளையா, பொம்மையா?"

மாதக்கணக்கில் வாரா வாரம் வந்து அந்த ஓரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தவர் சொல்கிற பேச்சு இது. இதை ஆடி மாதமே சொல்லியிருந்தால் என் கழுத்தாவது தப்பியிருக்கும். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் பிள்ளையைக் கிடத்திய விதத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். கிடத்திவிட்டுக் கையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எடுத்தார். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளை கையைக் காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. பச்சைக் கட்டத்தை நனைத்தது. பிறகு கண்ணை மூடி அசையாமல் கிடந்தது. அவள் கட்டிலிலிருந்து இறங்கித் தவழ்ந்து வந்து பிள்ளையின் மூக்குக்கு நேராக விரலை வைத்தாள். பெரியம்மா அந்த விரலைத் தட்டிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தட்டவில்லை. பிள்ளையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, கேட்கக்கூடாததைக் கேட்பவர் போலக் குரலைத் தாழ்த்தி, "மூச்சு வருதா?" என்று மருமகளிடம் கேட்டார்.

"வருது அத்தை" என்றாள்.